பழைய எண், புதிய எண்

ஏழு மணிக்கே எமல்டா போன்:
"அண்ணா, பிரிட்ஜ் எடை காட்டுது, சீட்டு வரல.
வெளிய பதினோரு ட்ரெய்லர் நிக்குது."

எர்ணாவூர் தாண்டி
கண்டெய்னர் வரிசைக்கும் கடலோரப் பாறைக்கும் நடுவே
என் ஆக்டிவா நுழையும் அளவுக்குத்தான் சாலை மிச்சம்.
காற்றில் உப்பு, டீசல்,
மணலிப் பக்கமிருந்து பெயர் தெரியாத ஒன்று.

தகரக் கொட்டகைக்குள் எக்ஸ்பி.
திரையில் அந்தப் பச்சை மேடு, நீல வானம்;
இந்த ரோட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காத பச்சை.
கீபோர்டில் உப்பு ஏறி
ஒன்பது மட்டும் இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

நேற்று ராத்திரி முதலாளி மகன்
கேமராவுக்கென்று புது ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறான்.
மாட்டியது தப்பில்லை.
தூங்கி எழுந்த கம்ப்யூட்டர்
வந்தவனுக்கு ஈ என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டு
பதினான்கு வருஷம் அங்கிருந்தவனை
எஃப்புக்குத் தள்ளிவிட்டது.
எடை போடும் மென்பொருளுக்கோ ஈ தவிர வேறு விலாசம் தெரியாது.
போய்த் தட்டுகிறது,
யாரோ திறக்கிறார்கள், திரும்பி வருகிறது,
மறுபடி தட்டுகிறது.

"ஈயா?" எமல்டா சிரிக்கிறாள்.
"இங்க ஈக்குப் பஞ்சமாண்ணா!"
உடனே முகம் மாறுகிறது:
"டேட்டா போயிடுச்சா?"

போகல. இருந்த எடத்துலயேதான் இருக்கு.
உங்க தெருவுல பழைய எண் நாப்பத்தேழு,
புதிய எண் பதினெட்டுன்னு பலகை மாத்தினாங்கல்ல,
அந்த மாதிரி.

"அப்ப எங்களுக்கு மூணு மாசம் சிலிண்டர் வரல."

பட்டியலைத் திறக்கிறேன்.
ஏ, பி இரண்டும் பூட்டிய வீடுகள்.
ஃப்ளாப்பி காலி செய்துபோன பிறகு
யாரும் குடிவரவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை.
ஈயும் எஃப்பும் நேராக மாறிக்கொள்ள முடியாது.
ஷேர் ஆட்டோவில் உள்ளே இருப்பவர் இறங்க
ஓரத்து ஆள் முதலில் ரோட்டில் நிற்க வேண்டுமில்லையா,
அப்படிப் புது டிஸ்க்கைக் கடைசி எழுத்துக்கு அனுப்பினேன்.
இசட்டில் போய் நின்றது, மறுபேச்சில்லாமல்.

பிறகு எஃப்பைத் தொட்டதும் கேட்டது:
இந்த எழுத்தை நம்பியிருக்கும் சில நிரல்கள்
ஓடாமல் போகலாம். தொடரவா?
இருபது வருஷமாக இதற்கு ஆம் சொல்லித்தான்
சோறு தின்கிறேன்.
இன்னும் விரல் ஒரு நொடி நிற்கிறது.

வெளியே ஹாரன்.
நெல்லூர் டிரைவர் ஒருத்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத்
தெலுங்கில் என் பரம்பரையை விசாரித்தார்.

"டெஸ்ட் பண்ணணும்ணா.
அவங்கள ஏத்திட்டா இறக்க முடியாது, நீங்களே ஏறுங்க."

அறுபது டன் தாங்கும் இரும்புத் தட்டில்
ஸ்கூட்டரோடு போய் நின்றேன்.
அங்கே நிற்கும்போது ஆள் ரொம்பச் சின்னதாகிவிடுகிறான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி
நூற்றெண்பதில் நின்றன.
என்னில் எவ்வளவு, வண்டியில் எவ்வளவு,
ஸ்க்ரூ டிரைவர் பையில் எவ்வளவு, பிரித்துச் சொல்லவில்லை.

டாட் மேட்ரிக்ஸ் கிறீச்சிட்டுத் துப்பியது:
வண்டி எண், நேரம், எடை.
ஆபரேட்டர்: தனசேகர்.

"யாரு தனசேகர்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர்.
சாஃப்ட்வேர் போட்டப்ப அவர்தானாம். நான் வந்து ஆறு வருஷம்."
கொஞ்சம் பொறுத்து,
"இந்த எழுத்த மாத்த முடியாதா?"

தேடினேன். நிஜமாகவே தேடினேன்.
அது பலகையில் இல்லை,
சுவர் கட்டும்போதே செங்கல்லுக்குள் வைத்தது.
கட்டியவன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல்.

"பரவால்ல" என்று பேனா எடுத்தாள்.
தனசேகர்மேல் ஒரு கோடு,
பக்கத்தில் எமல்டா, சாய்வாக, தேதியோடு.
பார்க்காமலேயே போடுகிறாள்.
ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு என்று
மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

"எவ்ளோண்ணா?"
ஐந்நூறு.
"பில் குடுங்க, இல்லன்னா தர மாட்டாங்க."
யார் பேருல போடட்டும்?

நெல்லூர் வண்டி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது.
"முதலாளி பேருலயே போடுங்க" என்றாள்,
கண் திரையில்,
ஒன்பதை இரண்டு தடவை அழுத்தியபடி.