இருபத்தேழு புள்ளி நான்கு

ஜெலுத்தோங் இடைநிலைப்பள்ளி, இரண்டாம் ஆய்வகம்.
கடைசி மேசை எனக்கு. முக்காலி ஆடுகிறது.
கடல்பக்கத்து ஜன்னலில் உப்புக் காற்றும்
குப்பைமேட்டு வாடையும் மாறி மாறி.
மடியில் மதிப்பீட்டுப் படிவம்,
இருபத்திரண்டு கட்டங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை.
பீடிகை, குரல், வகுப்புக் கட்டுப்பாடு.
பத்தாவது உயர்நிலைச் சிந்தனை.
அதற்கு நான்கு போடுவது வழக்கம்,
யாரும் ஏனென்று கேட்பதில்லை.

ஹேமலோஜினி வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டாள்.
பயிற்றுப்பணியில் ஏழாம் வாரம்.
படிவம் நான்கு, முப்பத்தெட்டுப் பேர்.
மலாயில் தொடங்கி, ஆங்கிலத்தில் திரும்பி,
கீர்த்திவாசன் முழித்தபோது
"சொட்டுச் சொட்டாடா" என்று தமிழில் இறங்கினாள்.
மூன்று மொழியிலும் அமிலம் அமிலமாகவே இருந்தது.
குரல்: ஐந்து.

பியூரெட்டில் காரம். குடுவையில் அமிலம்.
பீனால்ப்தலீன் இரண்டு துளி.
நிறம் மாறப்போகும் அந்த ஒற்றைச் சொட்டுக்காக
முப்பத்தெட்டுக் கழுத்துகள் நீண்டன.
அவள் இடக்கை திருகின்மேல் போனது.
அங்கேதான் கண்டேன்:
அந்த விரல்களுக்கு அது அந்நியம்.

திறந்தது கூடிப்போயிற்று.
"ஆயர் சிராப்!" என்றான் இஸ்கந்தர்.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
இருபத்தேழு புள்ளி நான்கு.
வரவேண்டியது இருபத்தைந்து.

இரண்டாம் ஆண்டில் என் வகுப்பு அது.
ஐந்து பேருக்கு ஒரு பியூரெட்.
திருகுவதற்கு நால்வர் அடித்துக்கொள்வார்கள்,
கையெழுத்து அழகென்று
இவளை அறிக்கை எழுத உட்காரவைத்தார்கள்.
கரைசல் கலக்கி, கருவி கழுவி, பெயர் ஒட்டி
எட்டு மணிக்கெல்லாம் என்சிக் ஜாப்ரி
எல்லாம் எடுத்துவைத்திருப்பார்.
அறிக்கை அருமை. ஏ போட்டவள் நான்.
பிறகு நான்கு பருவம் கற்றல் கோட்பாடுகள்.
நுண்கற்பித்தலில் அட்டையில் வரைந்த பியூரெட்டோடு
மாணவர்களாக நடித்த தோழிகளுக்கு முன்னால்
சொட்டுவதாகப் பாவனை செய்தாள்.
பாவனைக்கும் ஏ.

"டீச்சர், இருபத்தஞ்சுனே போட்டுக்கலாமா?"
கீர்த்திவாசன் அக்கறையாகத்தான் கேட்டான்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டான்.
டீச்சருக்குப் புள்ளி போட ஆள் வந்திருப்பது
வகுப்புக்கே தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.
"வந்தத எழுது.
பக்கத்துல, டீச்சர் அவசரப்பட்டாங்கன்னும் எழுது.
இன்னொரு குடுவை கழுவிட்டு வா."

காது சிவந்திருந்தது.
ஆனால் அடுத்த முறை
திருகைப் பிடித்த விதம் வேறு.
இருபத்தைந்து புள்ளி ஒன்பது.
மூன்றாவதற்குள் மணி அடித்துவிட்டது.

என் பையில் இன்னொரு கட்டுத் தாள்,
தர அங்கீகாரக் குழுவுக்கு எங்கள் துறையின் அறிக்கை.
பட்டதாரிகளின் ஆய்வகத் திறன்:
நான்கு புள்ளி மூன்று.
அந்த எண் எப்படி வந்ததென்று
எனக்குத் தெரியும், இன்னும் இரண்டு பேருக்கும் தெரியும்.
போன முறையும் நான்கு புள்ளி மூன்று.
நாங்கள் யாரும் யாரிடமும்
வந்ததை எழுது என்று சொல்லவில்லை.

கேண்டீனுக்குப் படி இறங்கும் சப்பாத்துச் சத்தம்.
கைப்பேசியில் அலுவலகம்:
மேடம், அறிக்கை நாலு மணிக்குள்ள வேணும்.

வெளிர்சிவப்பென்றால்
காற்று பட்டுப் பட்டுத் தானே மங்கிவிடும்.
முதல் குடுவை ஜன்னலோரத்தில்
அதே அடர்த்தியில் நின்றது.
கொட்டிவிட அதை எடுத்தாள்.
இருக்கட்டும் என்றேன்.
என் கையில் இருந்தது பென்சில்.
பேனா இருக்கா என்று
அவளிடமே கேட்டேன்.