கடலுக்கு முப்பத்தைந்து வெள்ளி

குணாளன்,
உங்களிடமிருந்து ஒரு கடலைத் திருடியவள் எழுதுகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் வளைந்து திரும்பும் சத்தத்துக்கு நேர் எதிரே
இரண்டாம் மாடி, எங்கள் உடம்புப்பிடி நிலையம்.
ஈராண்டுக்கு முன் ஒரு மழைநாள். ஆள் வரத்து இல்லை.
ஹலிம் என் உள்ளங்கையில்
கட்டைவிரல் நகமளவு எதையோ வைத்தான்,
எண்ணெய்ப் பிசுக்கோடு.
"போட்டுக் கேள். காசெல்லாம் வேண்டாம்."

அன்றிரவு
மஞ்சள் மேட்டுக்கற்களைத் தடியால் தட்டி,
அவற்றின்மேல் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைத் திட்டி,
அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன்.

இடது காதில் அலை.
வலது காதில் பாறை;
அலை உடையும் விதத்தில்தான் அதன் தூரம் தெரிந்தது.
எங்கோ ஒரு மிதவை மணி, ஒழுங்கில்லாமல்.
காலடித் தகர டப்பாவில் இறால் துள்ளியது.
கையைப் பிடித்து யாரும் கூட்டிப் போகவில்லை.
தஞ்சோங் தோக்கோங்கிலிருந்து நானே புறப்பட்டேன்,
நானே மூழ்கினேன்,
விடிவதற்குள் பதினோரு முறை.
அவ்வளவு சுகமாக நான் தோற்றதே இல்லை.
மற்ற இடங்களில் எனக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

என் மடிக்கணினியின் திரை உடைந்து நாளாயிற்று.
வாடகைக்கு வந்த மிஸஸ் லோ,
"ஒன்றுமே தெரியவில்லையே, ஓடுகிறதா?" என்றாள்.
"சூரை ஒன்று இழுக்கிறது, பேசாதீர்கள்" என்றேன்.

எங்களில் காசு கொடுத்து வாங்கியவள் ஃபௌசியா ஒருத்திதான்.
போன வாரம் உங்கள் கடிதத்தை
அவள் எல்லோருக்கும் அனுப்பினாள்.
துக்கம் தெரியாத குரலில் படித்தது என் கணினி:
மூன்று வருடம். விற்றது பத்தொன்பது.
பட்டர்வொர்த் படகுத்துறையில்
காலை நாலு மணிக்கு மைக்கோடு நின்றது.
அடுத்த மாதம் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை.
இரண்டாம் கடல் வராது
முற்றுப்புள்ளி,
என்று அதையும் சேர்த்தே படித்தது.

பத்தொன்பதா?
எங்கள் மாடியிலேயே இருபத்து மூன்று பேர்
மீன் பிடிக்கிறோம், குணாளன்.

ஒரு மணி நேரம் கால் பிடித்தால்
முதலாளி பங்கு போக எனக்கு இருபது வெள்ளி.
உங்கள் கடல் முப்பத்தைந்து.
இரண்டு ஜோடிக் கால்கள்கூட இல்லை.
பிடித்துவிட்ட பிறகு காசு கொடுக்காமல் ஒருவன் எழுந்து போனால்
படிக்கட்டு முடியும்வரை கத்திக்கொண்டே போவேன்.
போயிருக்கிறேன்.

பிஸ்கட் டின்னோடு கட்டில் கட்டிலாக நடந்தேன்.
ஹலிம் சிரித்தான்.
பிறகு "ஐம்பது" என்று ஒரு தாளைத் திணித்தான்.
விரலால் அளந்தேன். ஐம்பதுதான்.
ஸ்டீவன், "கடலுக்கு ஏது சொந்தக்காரன்?" என்றான்.
அவனை வற்புறுத்தவில்லை.
ஏழாம் கட்டப் புயலை எப்படித் தாண்டினேன் என்று
இனி அவனுக்குச் சொல்லப்போவதுமில்லை.

பணம் அனுப்ப வங்கிச் செயலியைத் திறந்தேன்.
"பொத்தான்" என்றது.
தள்ளினேன். "பொத்தான்."
இன்னும் தள்ளினேன். "பொத்தான்."
முப்பது மாடி வங்கி என்பார்கள்.
உங்கள் படகில்
தூண்டில் முள்ளுக்குக்கூடப் பெயர் இருந்தது.

கவுண்டருக்கே போனேன். அறுநூற்றுப் பத்து வெள்ளி.
எதற்கென்று எழுதட்டும் என்று மலாயில் கேட்டாள் அந்தப் பெண்.
"லாவுட்" என்றேன். கடல்.
தட்டச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது.

இது இன்னொரு கடலுக்குப் போதாது, தெரியும்.
வேலையில் சேருங்கள்.
சனி ஞாயிறு இருக்கிறதே என்று சொல்ல
எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஒரு புகார்.
நான்காம் கட்டத்தில், தீவுக்குத் திரும்பும்போது,
ஃபெரியின் ஊதல் வலது காதில் வருகிறது.
இடதில் வரவேண்டும்.
இரண்டு வருடமாகத் தெரியும்.
காசு கொடுக்காதவள் எப்படிக் கேட்பது என்று
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.