மணல் வாளி

வேலியில் போன ஓணானை எடுத்து
மடியில் விட்டுக்கொண்டவள் என்று
தொலைபேசியில் சிரிக்கிறாள் அக்கா டைகா.
மடியில் விட்டதே இல்லை.
தொடாதே என்பதுதான்
அவளோடு வாழ்வதன் முதல் விதி.

ரீகா துறைமுகத்தில் எனக்கு கிரேன் வேலை.
முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
ஒரு கண் கொக்கியில், ஒரு கண் கப்பல் தளத்தில்
என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.
எனக்கு அது பேச்சுக்கு.
ஸீலேவுக்கு நிஜமாகவே முடிகிறது:
ஒரு கண் என் மேல்,
ஒரு கண் தப்பித்த சிள்வண்டின் மேல்.

(ஸீலே என்றால் எங்கள் மொழியில் கருவாலிக் கொட்டை.
வந்த அன்று அந்த அளவுதான் இருந்தாள்.)

கிண்ணத்து நீர் அவளுக்கு நீரே அல்ல.
இலை நுனியில் நடுங்க வேண்டும்.
விடிவதற்கு முன்பே தெளிப்பானோடு நிற்கிறேன்,
ஜன்னலுக்கு வெளியே பனி,
உள்ளே ஏமன் மலைச் சரிவின் மூடுபனி, என் செலவில்.
வறுக்கப் போகும் மீனை மாவில் புரட்டுவது போல
பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டுகிறேன்.
புரட்டும்போது ஓடியவை
குளிர்பெட்டிக்குப் பின்னால் போய்
ஜனவரி முழுக்கப் பாடின.

விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது.
ஆறு மாதத்தில் குழாய்க்குள்ளிருக்கும் வெயில் செத்துவிடும்,
வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.
மாற்ற வேண்டிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.
ரைவிஸ் இங்கே இருந்த கடைசிக் குளிர்காலத்திலும்
எல்லா அறையிலும் வெளிச்சம் இருந்தது.

பிப்ரவரியில் சாப்பாட்டை நிறுத்தினாள்.
கிளையை விட்டிறங்கிக் கூண்டின் தரையைச் சுற்றினாள்,
கறுத்த பச்சையில் மஞ்சள் திட்டுகள்.
குளிரா, கோபமா, நான் செய்த எதுவோவா?
மருத்துவர் ஸந்தா படத்தைப் பார்த்துவிட்டு
"முட்டை" என்றார்.
ஆணே இல்லையே என்றேன்.
"அதற்கு அவன் எதற்கு?"

சாந்து குழைக்கும் வாளி ஒன்று
கிடங்கிலிருந்து கேட்டு வாங்கினேன்.
கடற்கரை மணல் ஆகாது, உப்பு.
குழந்தைகள் விளையாடும் மணல், ஒரு மூட்டை,
ஐந்தாம் மாடிக்கு, லிஃப்ட் வேலை செய்யாத நாளில்.
விரலால் குத்திய குழி இடியாமல் நிற்கும்வரை
தண்ணீர் விட்டுப் பிசைந்தேன்.

பிறகு துணி.
பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டுவதை விட்டுவிடுவாள்.
விட்டால் முட்டை உள்ளேயே தங்கும்.
தங்கினால் அவள் இல்லை.
படுக்கை விரிப்பால் கூண்டை மூடிவிட்டு
சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.
சரக்... சரக்... என்றது மணல்.
நின்றது.
என் நாற்காலி கிரீச்சிட்டதோ?
அரைமணி நேரம் காலை நகர்த்தவில்லை.
மறுபடி சரக்.

மறுநாள் மேலே பெட்டிக்குள் உட்கார்ந்து
மரக்கட்டைகளைக் கப்பலில் இறக்கிக்கொண்டே
எட்டு மணி நேரம் ஒரு விரிப்பை மட்டும் நினைத்தேன்.
ஜானிஸ் இரண்டு முறை வானொலியில் கத்தினான்.

இரண்டாம் இரவு சத்தமே இல்லை.
எடுத்துப் பார்க்காமல் இருந்தது
இந்தக் கைகள் செய்ததிலேயே கனமான வேலை.

மூன்றாம் நாள்
கிளை மேல் இருந்தாள், வற்றி,
கண்குமிழ்கள் குழிந்து, மூக்கெல்லாம் மணல்.
தெளித்தேன்.
இருபது நிமிடம் குடித்தாள்,
ஒவ்வொரு சொட்டையும் நிதானமாக மென்று.
வாளியில் மணல்
எதுவுமே நடக்காதது போல மட்டமாக இருந்தது.
கடைசிப் பிடி வரை தட்டித் தட்டி மூடியிருக்கிறாள்.

எடுத்தாக வேண்டும், இல்லையேல் அழுகும்.
விரிப்பை மறுபடி போர்த்தினேன், இந்த முறை
அவள் என்னைப் பார்க்காமல் இருக்க.
முப்பத்து நான்கு.
வெள்ளை, மெத்து, உள்ளே யாருமில்லை.
காகிதப் பையில் கட்டி வைத்துவிட்டு
மணலை வாளியில் கொட்டி, புறங்கையால் தட்டி,
அவள் விட்டுப் போயிருந்த மட்டத்துக்கே
கொண்டுவந்தேன்.