வியாழன், இருபத்திரண்டு நிமிடம்

காப்புறுதிக் கொம்பனி ஒரு செயலி தந்தது.
கைபேசியில் போட்டுக்கொண்டு ஓடினால்
மாதம் முப்பத்தொரு டொலர் குறையும்.
நான் நல்ல சாரதி. போட்டேன்.

பெப்ரவரி முடிவில் அறிக்கை வந்தது.
சடுதியாகப் பிரேக் பிடித்தது: மூன்று தடவை.
வேக எல்லை மீறியது: இல்லை.
தரித்து நின்றது:
வியாழன், இரவு பதினொன்று இருபது,
ஏஜாக்ஸ் ஏரிக்கரை வாகனத் தரிப்பிடம்,
இயந்திரம் அணைக்காமல், இருபத்திரண்டு நிமிடம்.
அடுத்த வியாழனும்.
அதற்கடுத்ததும்.
வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி,
கொப்புளம் மாதிரி.

பகீரதன்தான் முதலில் பார்த்தார்.
ஒரே கணக்கு, ஒரே மின்னஞ்சல்,
பதினேழு வருஷமாகக் கடவுச்சொல்லும் ஒன்றுதான்.
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"வேலை முடிஞ்சு அங்க என்ன அலுவல்?"
குரலில் சந்தேகம் இல்லை.
இருந்திருந்தால்
சண்டையாவது பிடித்திருக்கலாம்.

"சும்மா" என்றேன்.
உண்மை அது.
வாயைவிட்டு வெளியே வந்ததும்
பொய்யின் வாடை அடித்தது.

வீட்டுக்கு ஒரு படம், வேலைக்கு ஒரு படம்,
கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பல் வைத்தியருக்கு
எல்லாவற்றுக்கும் அந்தச் செயலியில் படம் உண்டு.
சும்மாவுக்கு இல்லை.

"எங்கட எல்லாம் எப்பவோ அவங்களிட்டப் போயிட்டுது அம்மா,
இனி என்ன ஒளிக்கக் கிடக்கு?"
காதுக் கருவியைக் கழற்றாமலே சொல்கிறான் மகன்.

எட்டு வயதில்
அம்மாவின் சேலையைப் பிடித்தபடி
மைதானத்தில் வரிசையில் நின்றிருக்கிறேன்.
கோணிச் சாக்குக்குள்ளிருந்து இரண்டு கண்.
அது தலையை ஆட்டினால்
வரிசையில் ஒருவர் குறைவார்.
தலையாட்டிக்கு எங்களில் பாதிப் பேரைத்தான் தெரியும்.
அதனால்தான் மீதிப் பேர் இருக்கிறோம்.

இதை மகனிடம் சொல்லவில்லை.
பாத்திரம் கழுவினேன்.

அறை இருநூற்றிப் பதினாலு.
ஒல்ஹா கோவல்சுக், வயது தொண்ணூற்றொன்று.
தன் பெயர் மறந்துபோயிற்று.
பார்க்க வரும் மகளைத் தபால்காரி என்பாள்,
கடிதம் இருக்கிறதா என்று கேட்பாள்.
குளிக்கவார்க்க மேலங்கியைக் கழற்றும்போது மட்டும்
இரண்டு கையும் தானாக எழும்பி
மார்பைப் பொத்தும்.
தினமும் நான் காணும் உடம்புதான்.
களவெடுக்க அதில் ஒன்றுமில்லை.
இருந்தும் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன்,
துவாயைத் தோளில் போர்த்தி
அதற்கடியில் கைவிட்டுத் தேய்க்கிறேன்.
பெயர் போன பிறகும் போகாத ஏதோ ஒன்று
அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

செயலியை அழித்தேன்.
தொலைபேசியில் கெயில் என்றொரு பெண்
அன்பாகத்தான் விசாரித்தாள்,
ஏதும் பிழையாகப் பதிந்துவிட்டதா?
இல்லை, எல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறது,
அதுதான், என்றேன்.
சிரித்தாள்.
இந்த உரையாடல் பதிவாகிறதென்று
தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்.
பழைய அறிக்கைகள்?
"அவை இருக்கும்" என்றாள்.

ஆக, மாதம் முப்பத்தொரு டொலர்.
வாடகை என்று எழுதிக்கொண்டேன்.

ஏஜாக்ஸுக்கு இப்போது போவதில்லை.
அது எல்லோருக்கும் தெரிந்த இடமாகிவிட்டது.
வேறோர் இடம் இருக்கிறது.
அங்கே தண்ணீர் உண்டா, தெருவிளக்கு உண்டா,
இருந்து அழுகிறேனா, பாடுகிறேனா,
அவித்த கடலை தின்கிறேனா,
வாசிக்கிற உங்களுக்கும்
சொல்வதாக இல்லை.

கைபேசி குசினியில்,
அரிசி வாளிக்குப் பக்கத்தில்
சார்ஜில் கிடக்கிறது.
கேட்பவர்களுக்கெல்லாம்
நான் வீட்டில்தான் நிற்கிறேன் என்று
சொல்லிக்கொண்டிருக்கும்.