எனக்கு வாசிக்கத் தெரியாத பகுதி

அறைக்குள், இருபத்தோரு டிகிரியில்,
சமர்த்தாக எழுந்துவிடுகிறது பலகை.
வெளியே, கடல் உறைந்து சாலையான இடத்தில்,
மைனஸ் இருபத்தேழில்
கன்சோலில் ஒரே ஒரு வரி:
நினைவகப் பயிற்சி தொடங்குகிறது.
அதற்குப் பிறகு கர்சர் மட்டும்.

ஔலுவில் ஜனவரி. மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
தீவுக்குப் போகும் வேன்களுக்குக் கீழே
பனி எத்தனை சென்டிமீட்டர் என்று
சொல்லியாக வேண்டிய கருவி இது.
வெய்க்கா போனில் கேட்பான்: எழுந்ததா?

பூட்லோடர் நான் எழுதியது.
ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் கணக்கு உண்டு.
மூலத்திலிருந்து நூறு முறை கட்டினாலும்
நூறு முறையும் அதே பைட், அதே வரிசை.
அந்தப் பெருமைக்கு நடுவில்
ஒரு பொட்டலம் வைக்கிறேன்.
சிப் விற்ற கம்பெனி தந்தது.
பிரிக்கக் கூடாது. பிரித்தாலும் புரியாது.
பதினான்கு பக்க ஒப்பந்தத்தை
ஸ்பேஸ் கட்டையால் உருட்டித் தள்ளி
அடியில் ஒய் என்று ஓர் எழுத்து அடித்தவள் நான்தான்.

முப்பத்திரண்டு கிலோபைட் கட்டளை,
பதினாறு கிலோபைட் தரவு.
குறைகிற இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பி,
நான்கின் மடங்கில் நிறுத்தி,
என் குறியீட்டின் வாலில் ஒட்டுகிறேன்.
ஒரு பைட் நகர்ந்தாலும் மொத்தமும் வாயடைத்துப்போகும்.

வேடிக்கை என்னவென்றால்
நினைவகம் என்று ஒன்று விழிப்பதற்கு முன்னால்
ஓடுவது அதுதான்.
வந்து, சிப்புகளின் காதைத் திருகி,
எந்த இம்மியில் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டுப்
போய்விடுகிறது.
அது இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படுகிறது.
யார் சொல்லிக்கொடுத்தது என்று
நினைவகத்துக்கே நினைவில்லை.

மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு
சகுனம் பார்த்தேன், மூன்று வாரம்.
என் வரிகளையே திரும்பத் திரும்பச் சலித்தேன்.
கடிகாரத்தை மெதுவாக்கினேன், மின்னழுத்தம் ஏற்றினேன்.
ஓய்வறை ஃப்ரீசரில், சால்மன் துண்டுகளுக்கு நடுவே பலகை;
கதவின் ரப்பர் இடுக்கு வழியே கேபிள்.
மைனஸ் பதினெட்டு வரை நல்ல பிள்ளை.
கதவில் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள்:
துய்ரே, என் ஐஸ்கிரீம் உருகிவிட்டது.

கடைசியில் ஷின்சூவுக்கு எழுதினேன்.
லியாவ் ஷி-டிங், வாடிக்கையாளர் ஆதரவு.
அவளுக்கு விடிந்தபோது, எனக்கு நடுநிசி, பதில் வந்தது:
புதுக் கோப்பு இணைத்திருக்கிறேன். குளிருக்கு இது மேல்.
ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினோரு பைட் வேறு.
பதினோரு பைட்டுக்கா இந்தப் பாடு!
என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து எழுதியிருந்தாள்:
மன்னிக்கவும், மூலம் எங்களிடமும் இல்லை.
கண்ட்ரோலரை வடிவமைத்தவர்கள் வேறு நிறுவனம்.
நாங்களும் அப்படியே வாங்கி
அப்படியே கட்டித் தருகிறோம்.
உங்கள் ஊரில் நிஜமாகவே கடல்மேல் வண்டி போகுமா?

போகும் என்று எழுதி, ஒரு படமும் அனுப்பினேன்.

நேற்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
வெய்க்காவின் வேனில் பின்கதவைத் திறந்துபோட்டு
பலகையை ஒரு மணிநேரம் விறைக்கவிட்டு
கையுறையைக் கழற்றி மின்சாரம் கொடுத்தேன்.
பயிற்சி தொடங்குகிறது.
என் மூச்சு திரையில் பொரிந்து ஒட்டியது.
பயிற்சி முடிந்தது.
அப்புறம் என் வரிகள், மளமளவென்று,
எல்லாம் தாங்களே சாதித்ததுபோல.

இன்று ரெசிபிக் கோப்பில்
அறுபத்துநான்கு எழுத்துக் கைரேகையை மாற்றினேன்.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
பதினோரு பைட். ஏன் என்று தெரியாது.
மைனஸ் முப்பத்தொன்று வரை பார்த்தாயிற்று.
லியாவுக்கும் தெரியாது.

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்கிறான் வெய்க்கா.
தொழில்முறையாக இல்லையாம்.
எடுக்கவில்லை.

கரையில் தபால் வேன் ஒன்று நிற்கிறது.
நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்கிறது அறிவிப்புத் திரை.
ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு
கியர் மாற்றுகிறார்.