ஃபிரிட்ஜுக்கு அடியில்

ஊலு நகரத்தில் நவம்பர் வந்துவிட்டால்
பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
வியாழன் ஏழு மணிக்கு
என் மூன்றாம் மாடி அடுக்களை வாசலில்
பனி ஒழுகும் பூட்ஸுகளைக் கழற்றிவிட்டு
ஒரு மந்திரக்காரி, ஒரு குள்ளன், ஒரு திருடி
வந்து உட்காருவார்கள்.

நான் பகலில் நகராட்சிக்கு நிலம் அளக்கிறேன்,
இரவில் இல்லாத நிலத்தை.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
எந்தக் குகையில் எந்தப் பிசாசு என்று
எனக்கு மட்டும் தெரியும்.

ஹெல்கா பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.
நெருப்பு மந்திரம் சொல்லும்போது
கையுறை போடுகிறவள் மாதிரி விரல்களை நீவிக்கொள்வாள்.
கிம்மோ ஆறாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
கோடரியோடு அலையும் கொர்தான்
இடுப்பு வரை சிவப்புத் தாடி வைத்திருக்கிறான்.
கிம்மோவுக்கு ஐம்பத்து மூன்று வயதாகியும்
தாடி ஒழுங்காக வளரவில்லை.
பகடை டப்பாவிலேயே
இரத்த அழுத்த மாத்திரையும் கிடக்கும்;
ஒருமுறை அதையும் உருட்டிவிட்டான்.

மெர்யா இருபத்தாறு வருடமாக வரி அலுவலகத்தில்.
சொந்தத் தம்பிக்கே அபராதக் கடிதம் அனுப்பியவள்.
இங்கே அவள் திருடி,
ஆனாலும் கொள்ளையடித்த பொற்காசுக்கெல்லாம்
பென்சிலில் வரவு வைப்பாள்.

நேற்று,
பாலம் அறுந்துவிட்டது.
பின்னால் ஓநாய்கள், கீழே அடி தெரியாத பள்ளம்.
"தாண்டுகிறேன்" என்றான் கிம்மோ.
"பதினைந்துக்கு மேல் விழ வேண்டும்.
ஒன்று விழுந்தால் தாயமில்லை, சாவு."
பதினோரு வருடம் வளர்த்த குள்ளன்.
உள்ளங்கையில் ஊதி
இருபது முகத்தையும் வீசினான்.
காபிக் கோப்பையில் மோதி,
மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்து,
தரையில் குதித்து
ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

தரையில் விழுந்தாலும் விழுந்ததுதான்,
எங்கள் பழைய சட்டம்.
யார் குனிவது?
கிம்மோவுக்கு முட்டி அறுவை,
ஹெல்காவுக்கு இடுப்பு,
எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது.
பள்ளம் தாண்டும் வீரர்கள் நால்வர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மெர்யாதான் படுத்தாள்.
போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மறுபடி இறக்கி,
வெகுநேரம்.
"பதினேழு."

போட்ட கூச்சலில்
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் இடித்தார்.
கொர்தான் அக்கரையில் நின்று
ஓநாய்களுக்குப் பின்புறம் காட்டினான்.
கிம்மோ சிரித்தான், கண்ணில் நீர் வர.
ஆகஸ்டுக்குப் பிறகு
அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.
ஆகஸ்டைப் பற்றி இந்த மேசையில் யாரும் பேசுவதில்லை.
குள்ளனின் தோள் காயத்துக்கு
மூன்று பேரும் பச்சிலை தேடினோம், அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு
கோப்பைகளைக் கழுவிவிட்டு,
முனகிக்கொண்டே நானும் படுத்துப் பார்த்தேன்,
வாசிக்கும் கண்ணாடியோடு.
தூசி, காய்ந்த பட்டாணி ஒன்று,
அதன் பக்கத்தில் பகடை.
மேல் முகத்தில்
ஒற்றைக் கோடு.

என் தொழிலில் ஒரு புள்ளி பிசகினால்
இரண்டு வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள்.
நீட்டிய அளவுகோலை மடக்கினேன்.

பதினொன்றே காலுக்கு மெர்யாவின் செய்தி:
"அதை எடுக்காதே.
வியாழன் சீக்கிரம் வந்து நானே எடுக்கிறேன்."

"எதை?" என்று எழுதிவிட்டு
விளக்கை அணைத்தேன்.