குடை ஒன்று, பச்சை

விண்ணப்பப் பாரத்தில் பதினேழாவது கேள்வி:
நகராண்மைக் கழகத்தோடு
இதற்கு முன் தொடர்பு உண்டா?

உண்டு.
மூன்று சம்மன்.
உரிமம் இல்லாமல் இடியாப்பம் விற்றதற்கு ஒன்று
(சம்மனில் அதன் பெயர் புத்து மாயாம்).
மேசைக்கால் சாக்கடைக் கல்லைத் தாண்டி
ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததற்கு ஒன்று.
மூன்றாவது எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.
தைப்பூசத்துக்கு முந்தின நாள் அது,
ஐந்து கிலோ மாவு பிசைந்து வைத்திருந்தேன்.
மேசையை விட்டுவிட்டுக் குடையை எடுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் எழுத அங்கே இடமில்லை.
'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

நிரந்தர முகவரியில் பேனா நின்றது.
மூன்றாம் டிவிஷன் லயத்தைத் தள்ளி ஆறு வருஷம்.
இப்போது இருப்பது லியோங்கின் டயர் கடை மேல்மாடி,
தண்ணீர் பில் அவர் பெயரில்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
கீழே திரும்பும் போதெல்லாம் சுவர் ஆடும்.
அதைத்தான் நிரந்தரம் என்று எழுதினேன்.

வேலை நான்கு பேருக்கு.
வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர்
பிளாஸ்டிக் உறையில் எஸ்.பி.எம். சான்றிதழோடு
மாடிப்படி வரைக்கும் நின்றார்கள்.
நான் இருநூற்று ஏழு.
நோராய்னி இரவல் தந்த பாஜு கூரோங், இடுப்பில் ஊக்கு.
கறுப்புக் காலணி கட்டாயம் என்றிருந்தது கடிதத்தில்.
மகனுடையதைப் போட்டுக்கொண்டேன்,
படிவம் இரண்டிலேயே என் அளவு வந்துவிட்டான்.
அவனுக்கு இன்று காய்ச்சல் என்று
டீச்சருக்குச் சொல்லியாயிற்று.

உள்ளே மூன்று பேர்.
கழகத் தலைவர் பெயர் தெரியுமா?
எனக்கு முன்னே போனவன்
அதை வராந்தாவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தான்.
நான் மூச்சு விடாமல் சொன்னேன்,
டத்தோ பட்டத்தோடு, தகப்பனார் பெயரோடு.
கையெழுத்து எந்தப் பக்கம் சாயும் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.
நடுவில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.
மழையிலும் வேலை செய்வாயா என்றார்.
மழையில்தானே புவான் சாக்கடை அடைக்கும், என்றேன்.
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
நான்கு நிமிஷம். போகலாம்.

வாசலில் மழை.
லம்பாக் மலையைக் காணோம்.
காவலாளி பாக் ஹாலிம் என் காலைப் பார்த்தார்,
ஊக்கைப் பார்த்தார்,
இரு, ஸ்டோரில் குடை கிடக்கு, என்று போனார்.

கொண்டுவந்தார்.
இரண்டு பேர் நிற்கலாம், பச்சை.
உடைந்த கம்பியில் செம்புக் கம்பிச் சுற்று
நான் பல்லால் கடித்து முறுக்கியது.
கைப்பிடி மடிப்பில்
அரிசி மாவு காய்ந்த வெள்ளை.

என்னுடையது என்று சொல்ல
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
மேலே மூன்று பேர் இன்னும் மார்க் போடவில்லை.
குடைக்கா இப்போது வழக்கு?

புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.
பொருள்: குடை ஒன்று, பச்சை.
உரிமை: நகராண்மைக் கழகம்.
இரவல் வாங்குபவர்
என்ற இடத்தில்
அமராவதி ஏ.பி. சின்னக்காளை என்று எழுதினேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.
திருப்பித் தரும் நாள்?
கொஞ்சம் யோசித்து,
வேலையில் சேரும் நாள், என்று போட்டேன்.
பாக் ஹாலிம் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
முத்திரையை ஊதிக் குத்தினார்.

பஸ் ஸ்டாண்டு வரை
குடையை முன்னால் சாய்த்தே நடந்தேன்.
தலை நனைந்தால் நனையட்டும்,
காலணி நனையக் கூடாது.
நாளைக்கு அவனுக்குக்
காய்ச்சல் விட்டாக வேண்டும்.